சிவப்புப் பிரமிடும் தாத்தாவின் தூக்குச்சட்டியும்

போன செமஸ்டர் லீவில் காஸ்ட் அக்கவுண்டிங் புத்தகம் தேடி வேலூரில் ஒரு பழைய புத்தகக் கடைக்குப் போனேன். தேடிப் போனது கிடைக்கவில்லை. அதற்குப் பதிலாக எண்பது ரூபாய்க்கு ஒரு கதைப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு வந்தேன். ரிக் ரியார்டன் எழுதிய 'தி ரெட் பிரமிட்'. 2010இல் வந்த புத்தகம். 'கேன் க்ரானிக்கிள்ஸ்' என்ற மூன்று பாக வரிசையில் முதலாவது. பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்காக எழுதியது. எனக்கு இருபத்தொன்று. அதனால் என்ன? தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வந்தவனுக்கு இங்கிலீஷில் முழுசாகப் படித்து முடிக்க முடிந்த முதல் தடிப் புத்தகம் இதுதான். பக்கத்தில் டிக்ஷனரியை வைத்துக்கொண்டு பதினோரு நாளில் முடித்தேன். காஸ்ட் அக்கவுண்டிங் இன்னும் முடியவில்லை :-)

படிக்காதவர்களுக்குச் சுருக்கமாக. கார்ட்டர், சேடி என்று அண்ணனும் தங்கையும். அப்பா ஜூலியஸ் கேன் எகிப்து ஆராய்ச்சியாளர். ஒரு கிறிஸ்துமஸ் முன்னிரவில் பிள்ளைகளை லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு அழைத்துப்போய், ஏதோ மந்திரம் போட, அங்கிருக்கும் ரொசெட்டா கல் வெடித்துச் சிதறுகிறது. ஒசைரிஸ், ஐசிஸ், ஹோரஸ், செத், நெஃப்திஸ் என்று ஐந்து எகிப்திய தெய்வங்கள் வெளியே வந்துவிடுகின்றன. அப்பா காணாமல் போகிறார். அப்புறம் ஓட்டம், சண்டை, மந்திரம். தங்கைக்குள் ஐசிஸ், அண்ணனுக்குள் ஹோரஸ். சாமி வந்து ஆடுவதை ஆடி மாதத்தில் பார்த்து வளர்ந்த நமக்கு இது ஒன்றும் புதுசில்லை. அமெரிக்கப் பிள்ளைகளுக்குத்தான் பக்கம் பக்கமாக விளக்க வேண்டியிருக்கிறது. மீதிக் கதையைச் சொல்லிக் கெடுக்க மாட்டேன்.

எனக்குப் பிடித்தது சண்டை இல்லை. பெயர்.

இந்தக் கதையில் ஒவ்வொருவருக்கும் ஒரு ரகசியப் பெயர் உண்டு. தெய்வத்துக்கும் உண்டு, மனுஷனுக்கும் உண்டு. அந்தப் பெயர் தெரிந்துவிட்டால் அவரைக் கட்டிப்போட்டுவிடலாம். ஆனால் அதைத் திருட முடியாது. அவரே சொல்ல வேண்டும், இல்லையென்றால் அவர் மனசுக்கு மிக நெருக்கமான ஒருவர் சொல்ல வேண்டும். ரியார்டன் சும்மா விட்ட கதை என்றுதான் முதலில் நினைத்தேன். தேடிப் பார்த்தால், பெயருக்கு இருக்கும் அந்தச் சக்தி எகிப்தியர்களே நம்பியது.

இத்தாலியின் தூரின் நகர மியூசியத்தில் ஒரு பாப்பிரஸ் சுருள் இருக்கிறது. மூவாயிரம் வருஷத்துக்கும் பழையது. அதில் இந்தக் கதை இருக்கிறது. சூரிய தெய்வம் ரா கிழவராகிவிட்டார், வாயில் எச்சில் ஒழுகுகிறது. ஐசிஸ் அந்த எச்சிலை மண்ணோடு பிசைந்து ஒரு பாம்பு செய்து, அவர் நடக்கும் வழியில் வைக்கிறாள். பாம்பு கடிக்கிறது. விஷம் ஏறித் துடிக்கும் ராவிடம், உன் உண்மைப் பெயரைச் சொன்னால்தான் குணமாக்குவேன் என்கிறாள். அவர் தனக்கிருக்கும் மற்ற பெயர்களையெல்லாம் சொல்லிப் பார்க்கிறார். அவள் மசியவில்லை. கடைசியில் சொல்லித்தான் பிழைக்கிறார்.

எகிப்தியர்களுக்குப் பெயர் என்பது கூப்பிடுவதற்கான சத்தம் மட்டும் இல்லை. உடம்பு, நிழல், உயிர் மாதிரி அதுவும் மனுஷனின் ஒரு பாகம். அதை 'ரென்' என்றார்கள். செத்தபிறகும் உன் பெயர் எங்காவது எழுதியிருந்தால், யாராவது அதை வாய்விட்டுப் படித்தால், நீ இருக்கிறாய். பெயர் அழிந்தால் நீ இரண்டாவது முறை சாகிறாய். அதனால்தான் ராஜாக்கள் தங்கள் பெயரைக் கயிறு சுற்றியது போன்ற ஒரு வளையத்துக்குள் எழுதி, கோவில் சுவரிலும் தூணிலும் சிலையிலும் வெட்டித் தள்ளினார்கள். ஒருவரைப் பழிவாங்க வேண்டுமானாலும் பெயரைத்தான் தேடிப்போய்ச் செதுக்கி எடுத்தார்கள். ராணி ஹட்ஷெப்சுட் இறந்தபின் மூன்றாம் துட்மோஸ் காலத்தில் அவள் பெயர் பல இடங்களில் சுரண்டி எடுக்கப்பட்டது. அபிடோஸ் கோவிலில் செதுக்கிய ராஜாக்கள் பட்டியலில் அக்நாத்தனும் இல்லை, துத்தன்காமனும் இல்லை. வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள்.

இது வரைக்கும் நான் ரியார்டனின் ரசிகன். இனிமேல் ஒரு குறை.

கதையின் நடுவில் ஒரு விஷயம் தெரியவருகிறது. கார்ட்டரும் சேடியும் சாதாரணப் பிள்ளைகள் இல்லையாம், ஃபாரோக்களின் ரத்தமாம். ஒரு பக்கம் நார்மெர் வம்சம், இன்னொரு பக்கம் மகா ராம்சேஸ் வம்சம். அதனால்தான் அவர்களுக்கு இவ்வளவு சக்தி. இதைப் படித்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். மறுநாள்தான் மறுபடி எடுத்தேன். எப்போதும் ஏன் இப்படி? ஹீரோ என்றால் ராஜ ரத்தம் ஓட வேண்டும். நம்ம பழைய சினிமாவிலும் குடிசையில் வளர்ந்தவன் கடைசி ரீலில் ஜமீன் வாரிசாகிவிடுவான். அப்படியென்றால் நிஜமாகவே குடிசையில் பிறந்தவன் என்ன செய்வது?

அந்த நார்மெர் யாரென்று தேடினேன். ஐயாயிரம் வருஷத்துக்கு முன் எகிப்தை ஒன்றாக்கியவராகச் சொல்லப்படும் ராஜா. அவர் பெயரில் ஒரு கல் பலகை இருக்கிறது. 1890களின் கடைசியில் ஹீராகோன்போலிஸ் என்ற இடத்தில் தோண்டி எடுத்தார்கள். பலகையின் உச்சியில் ராஜாவின் பெயர், ஒரு கெளுத்தி மீன் ஓவியமும் ஓர் உளி ஓவியமுமாக. நடுவில் ராஜா எதிரியின் தலைமயிரைப் பிடித்துக்கொண்டு கதாயுதத்தை ஓங்குகிறார். இதைத்தான் எல்லாப் புத்தகத்திலும் பெரிசாகப் போடுகிறார்கள்.

நான் பார்த்தது அவருக்குப் பின்னால். அங்கே ஒரு சின்ன ஆள் நிற்கிறான். ராஜா வெறுங்காலில் நிற்க, இவன் கையில் அவருடைய செருப்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். ராஜாவின் உயரத்தில் பாதிகூட இல்லை. அவன் தலைக்குப் பக்கத்திலும் ஒரு பூவும் ஒரு குறியும் உண்டு. அது பெயரா பதவியா என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள்.

ஆம்பூர்க்காரனுக்கு ராஜா முதலில் கண்ணில் படுவாரா, செருப்பு முதலில் கண்ணில் படுமா, நீங்களே சொல்லுங்கள்.

எங்கள் ஊரைத் தெரியாதவர்களுக்கு: ராணிப்பேட்டையிலிருந்து ஆம்பூர், வாணியம்பாடி வரை பாலாற்றங்கரை முழுக்கத் தோல்தான். 2019இல் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தபோது ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயின. போர்டு மாறியதே தவிர வாசனை மாறவில்லை. தாத்தா (அம்மாவின் அப்பா) டேனரியில் சுண்ணாம்புக் குழியில் வேலை பார்த்தவர். உப்புத் தோலை ஊறவைத்து, சுண்ணாம்புத் தண்ணீரில் போட்டு, மயிரை உதிரவைத்து எடுக்கும் இடம். அம்மா ஷூ கம்பெனியில் தையல். அப்பா லோடு ஆட்டோ. நான் பி.காம்.

எகிப்துக்கும் தோலுக்கும் உள்ள சம்பந்தம் இன்னும் கிடைக்குமா என்று தேடத் தேட வந்துகொண்டே இருந்தது. பழைய தீப்ஸ் நகரத்தில், இன்றைய லக்சர் பக்கத்தில், ரெக்மிரே என்ற மந்திரியின் கல்லறை இருக்கிறது. சுமார் 3400 வருஷம் பழையது. அதன் சுவரில் தோல் வேலை செய்பவர்களை வரைந்திருக்கிறார்கள். ஒருவன் தோலைப் பெரிய ஜாடியில் முக்குகிறான். இன்னொருவன் மரச்சட்டத்தின்மேல் போட்டு இழுத்து மிருதுவாக்குகிறான். வேறொருவன் செருப்புக்கு அடித்தோல் வெட்டுகிறான். துத்தன்காமன் கல்லறையில் கிடைத்த ஜோடிகளில் ஒன்றில், மிதிக்கும் பக்கத்தில் எதிரிகளின் உருவம் போட்டிருக்கிறது. ராஜா நடக்கும்போதெல்லாம் எதிரியை மிதிக்கிறார் என்று கணக்கு.

இன்னொன்று. அங்கே தோல் பதனிட ஒரு முள்மரத்தின் காயைப் பயன்படுத்தினார்கள். அது வேறொன்றும் இல்லை, நம்ம கருவேல மரம்! 1753இல் லின்னேயஸ் அதற்குப் பெயர் வைத்தபோது நைல் நதியை நினைத்து 'நிலோட்டிகா' என்றார். நம்ம பக்கம் ஆவாரம்பட்டை, கடுக்காய். கருவேலம்பட்டையும் தோல் பதனிட உதவும். ஏரிக்கரையில் நான் முள் குத்திக்கொண்ட மரத்துக்கு நைல் நதியின் பெயர் என்பது இருபத்தொரு வருஷமாகத் தெரியாது.

அடுத்துக் கிடைத்ததுதான் என்னைக் கொஞ்சம் உலுக்கிவிட்டது. சுமார் 4000 வருஷத்துக்கு முன் எழுதிய ஒரு அறிவுரை நூல். கேத்தி என்பவன் தன் மகன் பெப்பியைத் தலைநகரத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் படகில் கூட்டிக்கொண்டு போகிறான். வழிநெடுக ஒவ்வொரு தொழிலாகச் சொல்லி அதன் கஷ்டத்தை விவரிக்கிறான். சிற்பி, நாவிதன், குயவன், சலவைக்காரன், மீன் பிடிப்பவன் யாரையும் விடவில்லை. செருப்புத் தைப்பவனும் வருகிறான், நாறும் தொட்டிகளுக்கு நடுவில் தோலைப் பல்லால் கடித்துக்கொண்டு. எழுதப் படிக்கத் தெரிந்தவனுக்கு மட்டும் மேலே அதிகாரி கிடையாது, அதனால் ஒழுங்காகப் படி என்று முடிக்கிறான். எகிப்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைப் பார்த்து எழுதுவதுதான் பயிற்சி. எழுத்துப் பிழையோடு அவர்கள் எழுதிய பானை ஓடுகளும் கல்சில்லுகளும் நிறையக் கிடைத்திருக்கின்றன.

"நல்லா படிச்சேன்னா ஃபேன் காத்துல உக்காந்து கையெழுத்து போடலாம். இல்லன்னா தாத்தா மாதிரி குழியில எறங்கணும்." இது எங்கள் வீட்டுக் கேத்தி, லோடு ஆட்டோவை ஓட்டிக்கொண்டே சொன்னது. அப்பா சொன்னதில் தப்பில்லை. தாத்தாவின் கையை நான் பார்த்திருக்கிறேன். சுண்ணாம்பு தின்று விரல் நுனியில் ரேகையே இருக்காது. ஆனாலும், படித்தவனின் பெயர் மட்டும் நிற்கும், குழியில் இறங்கியவனின் பெயர் கரைந்துபோகும் என்பதுதான் எப்போதும் கணக்கா?

எகிப்திலேயே அது முழுசாக உண்மை இல்லை. ராஜாக்களின் கல்லறைகளைக் குடைந்த தொழிலாளிகள் டெயிர் எல்-மெதினா என்ற ஊரில் குடும்பத்தோடு இருந்தார்கள். அந்த ஊரின் குப்பையில் கணக்கு வழக்குகள் ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கும் ஒரு பெரிய சுண்ணாம்புக் கல்சில்லு, இரண்டாம் ராம்சேஸ் ஆட்சியின் 40ஆம் வருஷத்து வருகைப் பதிவேடு. நாற்பது தொழிலாளிகளின் பெயர், அவர்கள் லீவு போட்ட தேதி, மேலே சிவப்பு மையில் காரணம். உடம்பு சரியில்லை, தேள் கடித்தது, பீர் காய்ச்சினான், அம்மாவுக்குச் சவ அடக்கம் செய்யும் வேலை. பி.காம் படிப்பவன் கண்ணுக்கு இது அசல் மஸ்டர் ரோல்! மூன்றாம் ராம்சேஸ் ஆட்சியின் 29ஆம் வருஷத்தில், கி.மு. 1157 வாக்கில், தானியக் கூலி தாமதமானதால் இதே ஊர்க்காரர்கள் வேலையைப் போட்டுவிட்டுப் போய்க் கோவில் வளாகத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். எழுத்தில் பதிவான முதல் வேலைநிறுத்தம் என்று அதைச் சொல்கிறார்கள். ரியார்டன் சார், இவர்களில் ஒருத்தன் வம்சத்தில் கார்ட்டரைப் பிறக்க வைத்திருக்கலாமே!

சரி, இதெல்லாம் அவர்கள் ஊர்க்காரர்கள். நம்ம ஆட்கள் யாராவது அங்கே போனார்களா? இதைத் தேடிப் போனபோதுதான் எனக்கு நிஜமாகவே புல்லரித்தது.

நமக்கு முன்னால் நம்ம சரக்குப் போயிருக்கிறது. கதையில் வரும் அதே மகா ராம்சேஸ், கி.மு. 1213இல் இறந்தவர், அவருடைய மம்மியின் மூக்கில் மிளகு இருந்தது. மிளகின் தாய்நாடு மேற்குத் தொடர்ச்சி மலை. அது யார் கையாக மாறி மாறிப் போனதோ, ஃபாரோவின் மூக்கு வரைக்கும் போய்விட்டது.

அப்புறம் ஆயிரத்துச் சொச்சம் வருஷம் கழித்து, கிரேக்க ராஜாக்கள் காலத்திலும் ரோமானியர் காலத்திலும், பருவக்காற்றைப் பிடித்து நேரடியாகக் கப்பல் ஓடியது. செங்கடல் கரையில் இரண்டு துறைமுகம் முக்கியம். ஒன்று பெரனிகே. இரண்டாம் டாலமி கி.மு. 275 வாக்கில் உண்டாக்கியது. இன்னொன்று மயோஸ் ஹோர்மோஸ், இன்றைக்குக் குசெய்ர் அல்-கதீம் என்கிறார்கள். சரக்கு அங்கே இறங்கி, ஒட்டகத்தில் பாலைவனத்தைத் தாண்டி நைல் கரைக்கு வந்து, படகில் அலெக்சாண்ட்ரியா போகும். பெரனிகேயில் செராபிஸ் தெய்வத்தின் கோவில் வளாகத்தில், இந்தியாவில் செய்த ஒரு பெரிய ஜாடி மண்ணில் புதைந்திருந்தது. உள்ளே ஏறத்தாழ 7.5 கிலோ மிளகு. அதே ஊரில், சேடிக்குள் புகுந்த அதே ஐசிஸின் கோவிலில், 2022இல் ஒரு புத்தர் சிலை கிடைத்தது. 71 சென்டிமீட்டர் உயரம். இந்தியாவோடு வியாபாரம் செய்த யாரோ வைத்தது. ஐசிஸ் வாசலில் புத்தர்! இதை எந்த ஃபேன்டஸி எழுத்தாளரும் கற்பனை செய்யவில்லை, நடந்திருக்கிறது.

காமர்ஸ் பிள்ளைகளுக்கு ஒரு விசேஷம்: முசிறிப் பாப்பிரஸ். கி.பி. இரண்டாம் நூற்றாண்டு. இப்போது வியன்னாவில் ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் இருக்கிறது. 1985இல் முதன்முதலாக அச்சில் வெளியிட்டார்கள். ஒரு பக்கம், சேர நாட்டு முசிறி வரை போய்வரும் பயணத்துக்கான கடன் பத்திரத்தின் ஷரத்துகள். கடனுக்கு ஈடு சரக்கேதான். மறுபக்கம், வந்திறங்கிய சரக்கின் மதிப்பு. கங்கைக் கரை வாசனைத் தைலம், யானைத் தந்தம் எல்லாம் எடை போட்டு விலை கட்டியிருக்கிறது. மொத்தம் ஏறத்தாழ 70 லட்சம் ரோமானிய செஸ்டர்ஸ். அதில் அரசாங்கத்துக்குச் சுங்கம் நாலில் ஒரு பங்கு, 25 சதவீதம். இப்படி எல்லாம் துல்லியமாக இருக்கிற பத்திரத்தில் கடன் கொடுத்தவன் பெயரும் இல்லை, வாங்கியவன் பெயரும் இல்லை. அந்தப் பகுதி போய்விட்டது. கப்பலின் பெயர் மட்டும் தப்பித்திருக்கிறது. ஹெர்மபொல்லோன்.

பணத்துக்குக் கணக்கு நின்றது, ஆளுக்குப் பெயர் நிற்கவில்லை. நம்ம ஊர் ஆட்களுக்கும் இதே கதிதானா என்று சோர்ந்தபோது பானைகள் வந்தன.

குசெய்ர் அல்-கதீமில் சிகாகோ பல்கலைக்கழகத்தார் 1978க்கும் 1982க்கும் இடையில் தோண்டினார்கள். கிடைத்த பானை ஓடுகளில் இரண்டில் தமிழ் பிராமி எழுத்து. ஒன்றில் 'கணன்', இன்னொன்றில் 'சாதன்'. கண்ணனும் சாத்தனும்! பெரனிகேயில் கிடைத்த ஓர் ஓட்டில் 'கொறபூமான்', அதாவது கொற்றபூமான். பின்னால் அதே குசெய்ரில் சௌத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தார் தோண்டி எடுத்த இன்னொரு ஓட்டின் எழுத்தை 2007இல் ஐராவதம் மகாதேவன் 'பானை ஒறி' என்று படித்தார். உறியில் தொங்கவிடும் பானை. கி.மு. முதல் நூற்றாண்டு வாக்கில் எழுதியது.

இதைப் படித்ததும் எனக்கு ஆராய்ச்சிக் கட்டுரை ஞாபகம் வரவில்லை. எங்கள் ஊர் பாத்திரக் கடை ஞாபகம் வந்தது. எவர்சில்வர் பாத்திரம் வாங்கினால் கடைக்காரர் ஒரு சின்ன மெஷினை எடுத்து, "என்ன பேர் வெட்டணும்மா?" என்பார். டர்ர்ர் என்று சத்தம். கல்யாணத்துக்கு இரவல் போனாலும், பக்கத்து வீட்டுக்குக் குழம்பு போனாலும், வேலைக்குச் சாப்பாடு போனாலும் பாத்திரம் திரும்பி வர வேண்டும். அதற்குத்தான் பெயர். சாத்தனும் அதைத்தான் செய்திருக்கிறான். கப்பலில் ஒரே மாதிரி பானைகள் இருந்திருக்கும். இது என்னுது, எடுக்காதே என்று கீறி வைத்தான். பாத்திரத்தில் பேர் வெட்டும் பழக்கம் நமக்கு இரண்டாயிரம் வருஷமாக இருக்கிறது. வெட்டியவனுக்குத் தெரியாது, பெயர் எழுதியிருந்தால் சாவே இல்லை என்று நம்பிய நாட்டில் அந்தப் பானையை உடைத்துவிட்டு வருகிறோம் என்று.

இதைவிட ஒரு படி மேலே போனவனும் ஒருவன் உண்டு. 2026 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்க் கல்வெட்டியல் மாநாட்டில், லோசான் பல்கலைக்கழகத்தின் இங்கோ ஸ்ட்ரௌக், பாரிஸிலிருந்து வந்த ஷார்லட் ஷ்மிட் இருவரின் கண்டுபிடிப்பு வெளியானது. லக்சர் பக்கத்து ராஜாக்கள் பள்ளத்தாக்கில், ஃபாரோக்களின் கல்லறைச் சுவர்களிலேயே தமிழ் பிராமி எழுத்துகள். அந்தக் கல்லறைகள் ரோமானியர் காலத்திலேயே சுற்றுலாத் தலம். கிரேக்கர்களும் ரோமானியர்களும் வந்து பார்த்துவிட்டு எழுதிய கிறுக்கல்கள் இரண்டாயிரத்துக்கும் மேல். அவற்றுக்கு நடுவே நம்ம ஆள் ஒருவன் 'சிகை கொற்றன்' என்று எழுதியிருக்கிறான். ஒரு இடத்தில் இல்லை. ஐந்து கல்லறைகளில் எட்டு இடத்தில்!

வேலூர்க் கோட்டைச் சுவரில் ஹார்ட்டின் படம் போட்டுப் பெயர் எழுதுகிறவனை நானும் திட்டியிருக்கிறேன். (இப்போதும் திட்டுவேன். கொற்றனைப் பார்த்து யாரும் ஆரம்பித்துவிடாதீர்கள்.) ஆனால் யோசித்துப் பாருங்கள். கொற்றன் ராஜா இல்லை. புறநானூற்றில் பாடப்பட்ட பிட்டங்கொற்றன் மாதிரி தலைவனாகவும் இவனைச் சொல்ல ஆதாரம் இல்லை. பெரனிகேயிலோ குசெய்ரிலோ வேலையாய் வந்தவன், ஊர் பார்க்க நைல் கரைக்குப் போயிருப்பான் என்று நினைக்கிறேன். எந்த ஃபாரோ தன் பெயர் மட்டும் நிற்க வேண்டும் என்று மலையைக் குடைந்தானோ, அவன் சுவரிலேயே இவனும் பெயரை வைத்துவிட்டு வந்துவிட்டான். ரத்தம் எல்லாம் வேண்டியதில்லை. ஒரு கூர்மையான ஆணி போதும், எழுதவும் தெரிந்திருந்தால்.

எழுதத் தெரிந்திருந்தால். அங்கேதான் என் தாத்தா வருகிறார்.

தாத்தாவுக்கு எழுதத் தெரியாது. அவர் காலத்தில் எங்கள் பக்கத்துத் தோல் பாதி பதனிட்ட நிலையில் கப்பல் ஏறும். வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே லண்டன் சந்தையில் அதற்கு 'ஈஸ்ட் இந்தியா' தோல் என்று பெயர். 1970களில் மத்திய அரசு பச்சைத் தோலும் பாதி பதனிட்ட தோலும் ஏற்றுமதியாவதைக் கட்டுப்படுத்திய பிறகுதான் முழுசாகப் பதனிட்ட தோல், ஷூ என்று இந்த ஊர் மாறியது. தோலுக்கு ஒரு பெயர் இருந்தது, மூட்டைக்கு ஒரு மார்க் இருந்தது. குழியில் நின்றவருக்குக் கூலி நோட்டில் ஒரு வரி. அந்த நோட்டும் இப்போது எங்கேயும் இல்லை. டெயிர் எல்-மெதினாக்காரர்களுக்குக் கிடைத்த அதிர்ஷ்டம் தாத்தாவுக்குக் கிடைக்கவில்லை.

அம்மா தைக்கும் ஷூவில் நாக்குப் பகுதியில் ஐரோப்பியக் கம்பெனிப் பெயர் இருக்கும். "உன் பேர் எங்கயாவது வருமா?" என்று கேட்டேன். "கட்டு மேல ஒட்டற சீட்டுல நம்பர் வரும். தையல் தப்பா போனா யாருன்னு கண்டுபிடிக்க" என்றாள். நல்லா வந்தால்? "நல்லா வந்தா சீட்ட கிழிச்சிப் போட்டுடுவாங்க."

இதைக் கேட்ட ராத்திரி பரண்மேல் ஏறினேன். தாத்தாவின் தூக்குச்சட்டி கிடைத்தது. டேனரி ஷெட்டில் ஐம்பது தூக்கு வரிசையாகத் தொங்கும், எல்லாம் ஒரே மாதிரி. மாறிப் போகிறது என்று பாட்டி ஆம்பூர் கடையில் கொடுத்துப் பேர் வெட்டி வாங்கி வந்தாளாம். மூடியில் ஒரு தரம், அடியில் ஒரு தரம். தாத்தாவால் படிக்க முடியாது. ஆனால் அந்தக் கோடுகளை விரலால் தடவியே தன்னுடையது என்று எடுத்துக்கொள்வாராம். ரேகை போன விரல்.

தூசியைத் துடைத்துப் பார்த்தேன். பெயரில் இரட்டிக்க வேண்டிய எழுத்தை ஒற்றையாக வெட்டியிருக்கிறார்கள். கண்ணன் 'கணன்' ஆன மாதிரி, கொற்றன் 'கொறன்' ஆன மாதிரி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம், யாரும் இல்லாத அந்தப் பரணில், அதை வாய்விட்டு ஒரு தரம் படித்தேன். எகிப்துக்காரன் கணக்குப்படி தாத்தா அப்போது இருந்திருப்பார்.

அந்தப் பெயரை இங்கே எழுதித்தான் முடிக்க நினைத்தேன். அம்மாவிடம் படித்துக் காட்டியபோது, "நெட்டுல பேரெல்லாம் போடாதடா, யார் யாரோ பாப்பாங்க" என்று சொல்லிவிட்டாள். அவளுக்கு ரியார்டனும் தெரியாது, ராவும் தெரியாது, ஐசிஸும் தெரியாது. ஆனாலும் சரியாகச் சொன்னாள். உண்மைப் பெயரைக் கண்டவனிடம் சொல்லக் கூடாது. அவரே சொல்ல வேண்டும், இல்லையென்றால் அவர் மனசுக்கு நெருக்கமானவர் சொல்ல வேண்டும். நெருக்கமானவள் வேண்டாம் என்கிறாள். அதனால் எழுதவில்லை.

தூக்கைப் பரணில் திருப்பி வைக்கவில்லை. புளி போட்டுத் துலக்கி, காலேஜுக்குச் சாப்பாடு அதில்தான் எடுத்துப் போகிறேன். நண்பர்கள் கிண்டல் செய்கிறார்கள். பரவாயில்லை. உங்கள் வீட்டுச் சமையலறையிலும் பாட்டி பெயரோ கொள்ளுத்தாத்தா பெயரோ வெட்டிய ஒரு சொம்பு, ஒரு தட்டு கட்டாயம் இருக்கும். பழைய பாத்திரக்காரனுக்குப் போடுவதற்கு முன்னால் ஒரு தரம் திருப்பிப் பாருங்கள். என்ன எழுதியிருக்கிறதோ அதை வாய்விட்டுப் படியுங்கள்.